கணினி வலையமைப்பிற் பழந்தரவு கசிதலும் அதனைத் தடுத்தலும்

கணினிநூலார் வழங்கும் கலைச்சொற்களுள் 'நினைவகக் கசிவு' என்பது இருபொருள் படுவதொன்றாகும். செய்நிரல் ஒன்று தனக்கெனக் கேட்டுப் பெற்ற நினைவகத்தைத் திருப்பிக் கொடாது விடுதல் ஒரு பொருள். நினைவகத்திற் கிடந்த செய்தி உரிமையில்லாதார் கைக்குச் செல்லுதல் மற்றொரு பொருள். முன்னையதில் இடம் வீணாகின்றது. பின்னையதில் இரகசியம் வெளியாகின்றது. பெயர் ஒன்றாயினும் நோயும் வேறு, மருந்தும் வேறு. ஈண்டு ஆராயப்படுவது பின்னையதே. அதிலும், பணிசெயல் முறைமையின் வலையமைப்புப் பகுதியில், தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகத்தால் நேருங் கசிவே இக்கட்டுரையின் பொருளாகும்.

'தொடக்க மதிப்பு இடப்படாத' என்னுந் தொடருக்குச் சிறிது விளக்கம் வேண்டும். கணினியின் நினைவகத்தில் வெற்றிடம் என ஒன்று இல்லை. ஒவ்வொரு பைற்றும் எப்பொழுதும் ஏதோவோர் எண்ணைத் தாங்கியே நிற்கும். ஒரு துணைநிரல் தன் வேலையை முடித்து நீங்கும்போது, தான் பயன்படுத்திய இடத்தை விட்டுச் செல்லுமேயன்றி, அதில் எழுதியவற்றை அழித்துச் செல்வதில்லை. அவ்விடம் அடுத்து வரும் வேறொரு துணைநிரலுக்கு உரியதாகும்போது, முன்னையது எழுதியவை அங்கேயே கிடக்கும். திருவிழாக் காலத்திற் கோயில் வீதியிலே கச்சான் விற்போர் பழைய பயிற்சிக் கொப்பிகளைக் கிழித்துச் சுருள் செய்து கொடுப்பதுண்டு. கச்சானைத் தின்று முடித்தவன் தாளை விரித்துப் பார்ப்பின், யாரோ ஒரு மாணாக்கன் கணக்கிலே பெற்ற புள்ளியை அங்கு காணலாம். விற்றவன் அதனைக் கொடுக்க எண்ணியதுமில்லை, வாங்கியவன் கேட்டதுமில்லை. நினைவகத்திற் பழந்தரவு கசிவதும் இத்தகையதே.

பணிசெயல் முறைமையின் மையத்தே நிற்பது கேர்னல் எனப்படும் கருப்பகுதி. விசைப்பலகையில் அடிக்கப்படும் கடவுச்சொல், வட்டிலிருந்து படிக்கப்படும் கோப்பு, மறைக்குறித் திறவுகோல், ஒரே கணினியைப் பயன்படுத்தும் பிறருடைய கடிதம் ஆகிய யாவும் அதன் நினைவகத்தினூடாகவே செல்கின்றன. பயன்பாட்டுச் செய்நிரல் ஒன்றுக்குப் புதிதாக நினைவகம் அளிக்கும்போது கருப்பகுதி அதனைச் சுழியமாக்கியே அளிக்கும். ஒருவர் விட்ட எச்சத்தை மற்றொருவர் காணலாகாது என்பது நெடுங்காலமாக நிலவும் விதி. ஆயின், தன் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ளும் நினைவகத்தை அது நெடுங்காலமாக அவ்வாறு துடைத்ததில்லை. தன் வீட்டிலே தான் புழங்கும் பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் எதற்காகக் கழுவுவது என்ற எண்ணம் போலும். செக்கனுக்கு இலட்சக்கணக்கான பொதிகளைக் கையாள வேண்டிய இடத்தில், எப்படியும் மேலெழுதப்படப் போகும் பைற்றுகளைச் சுழியமாக்குவது வீண் செலவு என்று கருதப்பட்டதில் நியாயமும் உண்டு.

வலையமைப்புப் பகுதியில் இந்நோய் மிகுதியாகத் தோன்றுவதற்குக் காரணம் வெளிப்படை. அப்பகுதியின் தொழிலே கொடுத்தல். அதற்கு இரு வாயில்கள் உண்டு. ஒன்று, அதே கணினியில் ஓடும் பயன்பாட்டுச் செய்நிரலுக்கு விடை தருவது; மற்றது, கம்பி வழியாகவோ வானலை வழியாகவோ பிற கணினிக்குப் பொதி அனுப்புவது. முதல் வாயிலிற் கசிந்ததைப் பெறுதற்கு அக்கணினியினுள் ஒரு கணக்கேனும் இருத்தல் வேண்டும். இரண்டாம் வாயிலிலோ, அயலில் இருப்பவர் எவருக்கும் அது எட்டும்.

இரண்டாம் வாயிலுக்குச் சான்றாகப் பலராலும் எடுத்துக் காட்டப்படுவது 2003 ஆம் ஆண்டு சனவரியில் ஒஃபிர் ஆர்க்கின், யோஷ் அன்டர்சன் என்னும் இருவர் வெளிப்படுத்திய 'ஈதர்லீக்' என்னும் வழுவாகும். ஈதர்நெற் வலையமைப்பில் ஒரு சட்டகம் 64 பைற்றுக்குக் குறைதல் ஆகாது. பல கணினிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்ட காலத்தில், இருவர் அனுப்பியவை ஒன்றோடொன்று மோதின் அனுப்புவோர் அனுப்பி முடிக்கு முன்னரே அதனை அறிதல் வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட அளவு இது. தலைப்புக்குரிய 14 பைற்றையும் இறுதியில் வருஞ் சரிபார்ப்புக்குரிய 4 பைற்றையுங் கழித்தால், உள்ளீடு குறைந்தது 46 பைற்றாவது இருத்தல் வேண்டும். அனுப்ப வேண்டிய செய்தி அதனிற் சிறிதாயின், குறையை இட்டு நிரப்ப வேண்டும். எதனால் நிரப்புவது? 1984 ஆம் ஆண்டில் வெளியான இணைய நெறிமுறை ஆவணம் 894, சுழியங்களால் நிரப்புக என்றே கூறுகின்றது. விதி இருந்தது, ஆயினும் வலையமைப்பு அட்டைகளை இயக்குஞ் செலுத்திகள் பலவற்றை எழுதியோர் அதனைக் கைக்கொள்ளவில்லை. செய்தி 29 பைற்றே இருந்தாலும், நினைவகத்தில் அது தொடங்கும் இடத்திலிருந்து 46 பைற்றை எண்ணி அவ்வாறே அட்டைக்கு அனுப்பிவிட்டனர்.

29 என்னும் எண் வெறும் எடுத்துக்காட்டன்று. ஒரு கணினி உயிரோடுளதா என வினவும் 'பிங்' என்னுஞ் சிறு செய்தியில் ஒரேயொரு பைற்றுத் தரவை வைத்து அனுப்பின், ஐ.பி. தலைப்பு 20, வினாத் தலைப்பு 8, தரவு 1 ஆக மொத்தம் 29 பைற்று ஆகும். மறுமொழியும் அதே அளவினது. எஞ்சிய 17 பைற்றுகளும், செய்திக்குப் பின்னால் நினைவகத்தில் தற்செயலாகக் கிடந்தவை. அவை சிலவேளை கருப்பகுதியின் நினைவகத்திலிருந்தும், சிலவேளை செலுத்தி தனக்கென வைத்திருந்த இடையகத்திலிருந்தும், சிலவேளை அட்டையின் சொந்த நினைவகத்திலிருந்தும் வந்தன. முன்னர் சென்ற பொதியின் துண்டுகள் அவற்றுட் காணப்பட்டன. வினாவைத் திரும்பத் திரும்ப அனுப்பியவனுக்கு ஒவ்வொரு முறையும் 17 பைற்றுக் கிடைத்தது. வழிச்செலுத்திகள் ஈதர்நெற் நிரப்பை அப்பால் எடுத்துச் செல்லாமையால், ஒரே உள்ளக வலையமைப்பில் இருப்போர்க்கே இது எட்டியது. அந்த அளவில் நற்பேறு. லினக்ஸில் இதற்குக் கண்ட பரிகாரம், குறித்த நீளம்வரை பொதியைச் சுழியத்தால் நிரப்பித் தருந் துணைநிரல் ஒன்றை அமைத்து, செலுத்திகள் அதனைப் பயன்படுத்துமாறு ஒவ்வொன்றாகத் திருத்தியமையே.

முதல் வாயிலில் நேருங் கசிவுகள் தொகையிற் பல. அவற்றுள் எளியது பெயர்களின் வாலிலே தங்குவது. பிறீபீஎஸ்டி என்னும் முறைமையில், கணினியிலுள்ள வலையமைப்பு இடைமுகங்களின் பட்டியலைக் கேட்டோர்க்கு, ஒவ்வொரு பெயருக்கும் 16 பைற்று இடம் ஒதுக்கி விடை தரப்பட்டது. மூன்றெழுத்துப் பெயரும் அதன் முடிவைக் குறிக்குஞ் சுழியமும் 4 பைற்றில் அடங்கும். மீதி 12 பைற்றை எவரும் எழுதவில்லை; ஆயினும் 16 பைற்றும் கொடுக்கப்பட்டன. 2005 ஏப்பிரிலில் இவ்வழு அறிவிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. இங்கே செய்நிரலைக் கூர்ந்து படிப்பவன் தவற்றைக் கண்டுகொள்ளலாம். அடுத்துக் கூறப்படும் வகையிலோ, எத்துணைக் கூர்ந்து படிப்பினும் வரிகளிற் குறை தோன்றாது.

அதனை உணர்தற்குச் சீ மொழியில் 'கட்டமைப்பு' என வழங்குவதன் இயல்பை அறிதல் வேண்டும். வெவ்வேறு அளவுடைய உறுப்புகளை ஒன்றாகக் கட்டி ஒரு பெயரால் வழங்குவதே கட்டமைப்பு. 8 பைற்று உறுப்பு 8 இன் மடங்கான முகவரியிலே தொடங்கினாற் செயலி அதனை எளிதிற் படிக்கும். ஆகவே, உறுப்புகளுக்கிடையிலோ கடைசி உறுப்பின் பின்னரோ தொகுப்பான் தானே சில பைற்றுகளை இட்டு அளவைச் சீராக்கும். இந்நிரப்புப் பைற்றுகளுக்குப் பெயர் இல்லை. செய்நிரலாளர் அவற்றை எழுதுவதுமில்லை, காண்பதுமில்லை. லினக்ஸில் ஒரு வலையமைப்புச் சாதனத்தின் முகவரி விவரங்களைத் தருதற்கென ஒரு கட்டமைப்பு உண்டு. அதில் 8 பைற்று உறுப்புகள் மூன்று, 2 பைற்று உறுப்பு ஒன்று, 1 பைற்று உறுப்புகள் இரண்டு. கூட்டினால் 28. தொகுப்பானோ அதனை 8 இன் மடங்காக்கி 32 பைற்று ஒதுக்கும். ஆறு உறுப்புகளுக்கும் ஒன்றுவிடாது மதிப்பிட்டபின், கட்டமைப்பு முழுவதையும் பயன்பாட்டுச் செய்நிரலுக்கு அனுப்பினர். கடைசி 4 பைற்றுகளும் கருப்பகுதியின் அடுக்கில் முன்னர் கிடந்தவை.

2016 இல் காங்ஜியே லூ என்னும் ஆய்வாளர் இதனைக் கண்டு திருத்தம் அனுப்பினார். திருத்தத்தின் சாரம் ஒரு வரியே: உறுப்புகளுக்கு மதிப்பிடு முன் கட்டமைப்பின் 32 பைற்றையும் 'மெம்செற்' என்னுங் கட்டளையாற் சுழியமாக்குக. அறிவிக்கும்போதே உறுப்புகளுக்கு மதிப்பு எழுதிவிடுவதாற் போதாதா எனின், போதாது. பழைய வரிகள் அவ்வாறே எழுதப்பட்டிருந்தன. கட்டமைப்பில் மதிப்பிடும்போது நிரப்புப் பைற்றுகள் எம்மதிப்பையும் ஏற்கலாம் என்று சீ மொழியின் நியமம் கூறிவிடுகின்றது. தொகுப்பான் ஒருவேளை துடைக்கலாம், ஒருவேளை துடையாது விடலாம். இரண்டும் விதிக்கு உட்பட்டனவே. மொழியின் விதியை நன்கறிந்து, ஒவ்வோர் உறுப்பையும் நிரப்பிய செய்நிரலாளர் ஒருவர் இரகசியத்தைக் கசியவிட்டார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. குற்றம் எழுதிய வரியில் இல்லை; வரிகளுக்கு அடியில், அவர் எழுதாத இடத்தில் இருந்தது.

ஒரு வழுவைத் திருத்துவதும், அவ்வகை வழு தோன்றும் வாயிலையே அடைப்பதும் வெவ்வேறு என்பதற்கு 2013 ஆம் ஆண்டு நிகழ்ந்த மாற்றம் நல்ல சான்று. வலையமைப்பிலிருந்து செய்தி பெறும் செய்நிரல், அனுப்பியவரின் முகவரியையுங் கேட்கலாம். அதற்கெனக் கருப்பகுதி தன் அடுக்கில் 128 பைற்று ஒதுக்கும். அதில் எத்தனை பைற்று உண்மையாக நிரப்பப்பட்டன என்பதை அந்தந்த நெறிமுறைக்குரிய பகுதி குறித்தல் வேண்டும். முகவரி எதனையும் எழுதாத பகுதி, நீளத்தைச் சுழியம் எனக் குறித்தல் வேண்டும். குறிக்க மறந்தால், ஒதுக்கிய இடம் அப்படியே வெளியே சென்றுவிடும். லினக்ஸில் நெறிமுறைகள் பல; அவற்றுட் சில எவரும் அரிதாகவே தொடுபவை. அவ்வாண்டு ஏப்பிரிலில் மத்தியாஸ் கிறவுசே என்பவர் இவ்வாறு மறந்த இடங்களைத் தேடித் தொடர்ச்சியாகத் திருத்தங்கள் அனுப்பினார். அவை யாவும் தேவையானவையே. எனினும், நாளை எழுதப்படும் புதிய நெறிமுறையும் அதே பிழையைச் செய்யலாம் அன்றோ? நவம்பரில் ஹன்னஸ் பிரெடெரிக் சோவா என்பவர் விதியையே தலைகீழாக்கினார். நீளம் தொடக்கத்திற் சுழியம். முகவரியை எழுதிய பகுதியே அதனை மாற்றும். அதன்பின் மறப்பவரின் மறதியால் முகவரி கிடையாது போகுமேயன்றி, இரகசியம் கசியாது. ஒரே மறதிக்கு இரு வேறு பயன்.

நாலு பைற்று, பன்னிரண்டு பைற்று என்று கேட்பவர், இத்துணைச் சிறு துளிக்கு இத்துணைக் கவலை ஏன் என வினவக்கூடும். 2020 ஒக்டோபரில் வெளியான 'பிளீடிங் ரூத்' என்னுங் கண்டுபிடிப்பு அவ்வினாவுக்கு விடை. புளூடூத் நெறிமுறையின் ஓர் உறுப்பாக, மிகுவேகத் தொடர்புக்கு வேறு வானொலிச் சாதனத்தைப் பயன்படுத்தும் வழி ஒன்று இருந்தது. அயற் சாதனம் ஒன்று, 'இவ்வெண்ணுடைய கட்டுப்படுத்தியின் விவரம் யாது?' என வினவலாம். அவ்வெண்ணில் ஒன்றும் இல்லையாயின், லினக்ஸ் 'அத்தகையது இல்லை' என விடையிறுக்கும். விடைக்குரிய கட்டமைப்பு 18 பைற்று. எண்ணுக்கு ஒரு பைற்றும், 'இல்லை' என்னும் நிலைக்கு ஒரு பைற்றும் எழுதப்பட்டன. வேகம், தாமதம் முதலிய ஏனைய விவரங்களுக்குரிய 16 பைற்றுகளும் எழுதப்படாமலே வானலையிற் சென்றன. இல்லாத பொருளுக்கு வேகம் ஏது, தாமதம் ஏது என்று எழுதியவர் எண்ணியிருக்கலாம். உள்ளதைக் கூறும் விடையிலும் இல்லையெனக் கூறும் விடையிலேயே இத்தகைய வழு மிகுதியாக ஒளிந்திருக்கின்றது. ஏனெனில் பின்னையதை எவரும் ஊன்றிப் படிப்பதில்லை.

கூகிள் நிறுவனத்து ஆய்வாளர் அண்டி நுயென் இதனைக் கண்டறிந்தார். வினவுபவன் கடவுச்சொல் தரவேண்டியதில்லை; சாதன உரிமையாளர் எதனையும் அழுத்த வேண்டியதுமில்லை; புளூடூத் எட்டுந் தொலைவில் நின்றாற் போதும். அடுக்கில் எது கிடக்க வேண்டும் என்பதை, முன்னதாக வேறு வினாக்களை அனுப்பி ஓரளவு தீர்மானிக்கவும் இயன்றது. அப் 16 பைற்றுகளிற் கிடைத்தவை கருப்பகுதியின் முகவரிகள். இன்றைய பணிசெயல் முறைமைகள், தாக்குவோர் குறிபார்க்க இயலாதவாறு, கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் கருப்பகுதியை வெவ்வேறு முகவரியில் வைக்கின்றன. முகவரி தெரியாதவனுக்கு வேறொரு வழு அகப்பட்டாலும் அதனாற் பெரும்பயன் இல்லை. முகவரி தெரிந்தபின்னர் அந்த அரண் அரணன்று. நுயென் இக்கசிவையும் அதே புளூடூத் பகுதியிற் கண்ட மற்றொரு வழுவையும் இணைத்து, தொலைவிலிருந்தே கணினியைத் தன் வசப்படுத்திக் காட்டினார். இக்கசிவு 2012 இல் வெளியான 3.6 ஆம் பதிப்பு முதலே லினக்ஸில் இருந்தது. எட்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. திருத்தம் இங்கும் முன் துடைத்தலே. பின்னர் 2021 இல் வெளியான புளூடூத் 5.3 விதிநூலிலிருந்து அம்மிகுவேக வழியே நீக்கப்பட்டது. லினக்ஸும் 2024 இல் அப்பகுதியைக் களைந்தது.

திருத்தம் ஒரு வரியாக இருக்க, கண்டறிதல் எட்டு ஆண்டுகளாவது ஏன் என்பதே இத்துறையின் மெய்யான வினா. கசிவினால் எதுவும் உடைவதில்லை. பொதி செல்கின்றது, விடை வருகின்றது, சோதனைகள் யாவும் தேறுகின்றன. ஆகவே, மனிதக் கண் காணாததைக் காணும் கருவி வேண்டியதாயிற்று. அவ்வகையிற் சிறந்தது அலெக்சாந்தர் பொட்டப்பென்கோ முதலானோர் கூகிளில் உருவாக்கிய 'கேஎம்சான்' என்பதாகும். இது 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 இற் சேர்க்கப்பட்டது. கருப்பகுதியின் நினைவகத்திலுள்ள ஒவ்வொரு பிற்றுக்கும் நிழலாக மற்றொரு பிற்றை இது வைத்திருக்கும். புதிதாக ஒதுக்கிய இடத்தின் நிழல் 'எழுதப்படாதது' எனக் குறிக்கப்படும். எழுதப்பட்டதும் அக்குறி நீங்கும். தரவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் படியெடுத்தால் நிழலும் உடன் செல்லும். எழுதப்படாத பிற்று ஒன்று பயன்பாட்டுச் செய்நிரலுக்கோ வலையமைப்பு அட்டைக்கோ செல்ல முற்படும் கணத்தில், அது எங்கே பிறந்தது என்னும் வரலாற்றோடு முறைப்பாடு எழும். பெயரற்ற நிரப்புப் பைற்றும் இதற்குத் தப்பாது. ஆயின் நினைவகமும் காலமும் பன்மடங்கு செலவாதலின், இது சோதனைச்சாலைக்கே உரியது. மேலும், சோதனையின்போது உண்மையாக ஓடிய வழிகளை மட்டுமே இது காணும். எவரும் கேளாத வினாவுக்குரிய விடையில் உள்ள கசிவு அப்படியே கிடக்கும்.

இக்காரணத்தால், ஒவ்வொன்றாகத் தேடுவதை விட்டு யாவற்றையும் முன்னரே துடைத்துவிடுவோம் என்னுங் கொள்கை வலுப்பெற்றது. 2019 இல் வெளியான லினக்ஸ் 5.3 இல், கருப்பகுதி தனக்கென ஒதுக்கும் நினைவகத்தையும் ஒதுக்கும்போதே சுழியமாக்கும் ஏற்பாடு விருப்பத் தெரிவாக வந்தது. அடுக்கிலுள்ள மாறிகளைத் தொகுப்பானே சுழியமாக்கும் வசதி, கிளாங் தொகுப்பானில் அதே ஆண்டிலும் ஜீசீசீ தொகுப்பானில் 2022 இலும் கிடைத்தது. செலவு பற்றிய பழைய அச்சம் பெரும்பாலும் மிகைப்பட்டதே. ஒதுக்கும்போது துடைத்தலாற் பெரும்பாலான வேலைகளில் நூற்றுக்கு ஒன்றிலுங் குறைவான தாமதமே நேரும் என்றும், செயற்கையான சில அளவீடுகளில் அது நூற்றுக்கு 7 வரை ஏறும் என்றும் லினக்ஸின் சொந்தக் குறிப்பே கூறுகின்றது. செக்கனுக்கு ஒரு பொதியும் இழக்க விரும்பாதார்க்கு அந்த 7 பெரிது; கடவுச்சொல்லைக் காக்க விரும்புவார்க்குச் சிறிது. இரு சாராருள் பின்னையோர் பக்கமே நியாயம் மிகுதி எனத் தோன்றுகின்றது. தெரிவை மாற்றிக்கொள்ள வல்லவர் வேகம் வேண்டுவோரேயன்றி, தம் கணினியில் என்ன கசிகின்றதென அறியாத பொதுமக்கள் அல்லர்.

தொகுப்பானை நம்பித் துடைத்தலிலும் ஒரு நுட்பம் உண்டு. பயன்படுத்தி முடிந்த திறவுகோலைச் செய்நிரலாளர் தாமே 'மெம்செற்' கொண்டு அழித்தாலும், அவ்விடம் பின்னர் படிக்கப்படாததை உணர்ந்த தொகுப்பான், பயனற்ற வேலையெனக் கருதி அவ்வரியையே நீக்கிவிடக்கூடும். 2014 இல், தொகுப்பானால் நீக்கப்படாத அழிப்புக் கட்டளை ஒன்று லினக்ஸிற் சேர்க்கப்பட்டது இதனால் நேர்ந்ததே.

முன் துடைத்தல் எட்டாத இடமும் உண்டு. வலையமைப்புச் செலுத்திகள் வேகங் கருதித் தம் இடையகங்களைத் திருப்பிக் கொடாது, ஒரு பொதி சென்றபின் அடுத்த பொதிக்கு அதனையே மீண்டும் எடுத்துக்கொள்வதுண்டு. அங்கே புதிய ஒதுக்கீடு நிகழ்வதில்லை. ஆகவே துடைப்பும் நிகழ்வதில்லை. அட்டையின் சொந்த நினைவகத்தையோ கருப்பகுதி தொடுவதே இல்லை. இத்தகைய இடங்களில் ஈதர்நெற் நிரப்பைச் சுழியமாக்குவது இன்றும் செலுத்தியை எழுதுபவரின் கடமையாகவே உள்ளது. பாலோ அல்ற்றோ நெற்வேர்க்ஸ் என்னும் நிறுவனம் தன் தீயரண் சாதனங்கள் சிலவற்றில் நிரப்புப் பைற்றுகள் துடைக்கப்படாமல் வெளிச்செல்கின்றன என அறிவித்துத் திருத்தம் வழங்கியது 2021 சனவரியில். அவ்வழுவுக்கு 'ஈதர்லீக்' என்னும் பழைய பெயரே வழங்கியது.